கூட்டலா, கழித்தலா?

பொட்டி தட்ட வந்து ஆறு வருஷம் ஆச்சு. நான் சிவில் படிச்சவன்ங்கிறது எனக்கே மறந்துபோச்சு. கோவில்பட்டி மாமாவுக்கு மட்டும் மறக்கல. போன வாரம் போன் பண்ணினார்.

"மாப்ள, போர்டிகோவுக்கு சென்ட்ரிங் அடிச்சாச்சு. போட்டோ அனுப்பிருக்கேன், ஒரு பார்வை பாரு."

எங்க ஊர்ல வீடு கட்டுறவங்களுக்கு மண்ணைக் கண்டாத்தான் பயம். கரிசல் மழையில உப்பும். கோடையில பாளம் பாளமா வெடிக்கும். அதுக்காகவே மாமா, அடியில குமிழ் வச்ச அண்டர்ரீம்டு பைல் போட்டிருந்தார். பூமிக்குக் கீழ பழுதில்ல. வில்லங்கம் மேல இருந்துச்சு.

சுவத்துலருந்து 2 மீட்டர் நீட்டிக்கிட்டிருக்கிற கான்டிலீவர் பீம். வழக்கமா சுவர்கிட்ட ஆழமா, நுனியில ஒல்லியா இருக்கும். இவங்க 'எலிவேஷன் எடுப்பா இருக்கும்'னு தலைகீழா மாத்திட்டாங்க. சுவர்கிட்ட 250 மி.மீ., நுனியில 500!

பழைய ஐ.எஸ். 456:2000 புத்தகத்தைத் தூசி தட்டினேன். பிரிவு 40.1.1. வளைவுத் திருப்பம் கூடுற திசையிலயே ஆழமும் கூடினா, ஷியர்ல ஒரு பங்கைக் கழிக்கலாம். எதிர்த்திசையில போனா கூட்டணும். காரணம் சிம்பிள். கான்டிலீவர்ல அடிப்பக்கம் அமுங்கும். அடி சரியான பக்கம் சரிஞ்சிருந்தா, அந்த அமுக்கு விசையே சுமையில கொஞ்சத்தைத் தாங்கிக்கும். தப்பான பக்கம் சரிஞ்சா, சுமையோட சேர்ந்து இழுக்கும்.

தோராயமா மொத்தச் சுமை 40 கிலோநியூட்டன், அகலம் 230 மி.மீ.னு வச்சுக்கிட்டேன். சுவர்கிட்ட 450, நுனியில 200னு நேரா செஞ்சா 40 − 12.5 = 27.5. தலைகீழா செஞ்சா 40 + 25 = 65! சதுர மி.மீ.க்கு 0.30 நியூட்டன் வரவேண்டிய இடத்துல 1.41. எவ்வளவு நீளக்கம்பி போட்டாலும் எம்20 கான்கிரீட் தனியாத் தாங்குறது 0.82தான். மிச்சத்தை ரிங்குதான் தாங்கணும். போட்டோவுல ரிங்கு ஒரு அடிக்கு ஒண்ணு நின்னுச்சு. வளைவுக் கணக்கு இதைவிட மோசம்.

காலேஜ்ல இதே கணக்குல குறியை மாத்திப் போட்டு மார்க்கு போச்சு. அன்னைக்கு ரெண்டு நாள் வருத்தப்பட்டதோட சரி. இங்க அந்தப் பீமுக்கு அடியிலதான் ஆச்சி சாயங்காலம் சேர் போட்டு உக்காருவாங்க.

"மாமா, கான்கிரீட்டை நிறுத்துங்க. ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்க."

"கம்ப்யூட்டர்காரன் சொன்னான்னு கொத்தனார்கிட்ட எப்படிய்யா சொல்றது?"

"சிவில் படிச்சவன் சொன்னான்னு சொல்லுங்க."

நேத்து சென்ட்ரிங்கைப் பிரிச்சுட்டாங்களாம். கூலி தண்டம்னு மாமா இன்னும் புலம்பிட்டிருக்கார். எனக்கென்னமோ போன மார்க்கு திரும்ப வந்த மாதிரி இருக்கு.