கண்யார் யார்?

விஷு முடிந்ததும் பாலக்காட்டின் ஆலத்தூர், சிற்றூர் வட்டாரங்களில் ஊருக்கு உறக்கம் கிடையாது. பகவதி கோயில் பந்தலில் செண்டை அதிர, விளக்கைச் சுற்றி விடிய விடிய ஆண்கள் ஆடுகிறார்கள். ஆடுவோர் பெரும்பாலும் நாயர்கள். ஆட்டம் ஒன்றுதான்; கண்யார்களி, தேசத்துக்களி, மலமக்களி என்று பெயர்தான் பல. போதாததற்கு ஆண்டிக்கூத்து, வள்ளோன், மலமா என இரவுக்கு இரவும் பெயர் மாறும். வட்டக்களி ஓய்ந்ததும் பொறாட்டு. குறவன் குறத்தியாக வேடமிட்டு வருகிறவர்கள் பாடுவதில் எது தமிழ், எது மலையாளம் என்று பிரிப்பது கஷ்டம்.

‘கண்யார்’ கண்ணகியே என்கிறது ஒரு தரப்பு. இல்லை, சோதிடம் பார்க்கும் கணியார் என்கிறது இன்னொன்று. வழக்கு தீர்ந்தபாடில்லை.

இடுக்கி மலையில் அந்தக் குழப்பமே இல்லை. மதுரையிலிருந்து வந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் மன்னான் பழங்குடியினர், காலாவூட்டு விழாவில் ஆடும் கூத்தில் கோவலன், கண்ணகி கதையையே பாடுகிறார்கள். அதே மாவட்டத்தின் தமிழக எல்லையில் இருக்கிறது மங்கலதேவி கண்ணகி கோயில். அது யாருக்குச் சொந்தம் என்பதில் இரு மாநிலங்களுக்கும் நெடுங்காலத் தகராறு. சித்ரா பௌர்ணமியன்று மட்டும், இரு மாநிலப் போலீசும் காவல் நிற்க, பக்தர்களுக்குப் பாதை திறக்கிறது.