எதிர் நாற்காலி

சீட்டாட்டப் போட்டி நடக்கும் கூடத்தில் நடுவராக நிற்பவனை நோக்கி ஒரு மாலைப்பொழுதில் எத்தனையோ கைகள் உயர்கின்றன. அவற்றுள் பல, ஆட்டத்தில் தன் காரியத்தை முடித்துவிட்ட ஒரு சீட்டு இனி எங்கே போய்ச் சேர வேண்டும் என்று கேட்பதற்காகவே உயர்கின்றன. கேள்வி எளியது, பதிலோ ஆட்டத்துக்கு ஆட்டம் வேறு. மேஜிக்கிலும் யூ-கி-ஓவிலும் அந்த இடத்துக்குக் கல்லறை என்று பெயர். வைஸ் ஷ்வார்ஸில் அதுவே காத்திருப்பு அறை. வான்கார்டில் டிராப் ஸோன். ஒன் பீஸில் டிராஷ். உபயோகித்த சீட்டை அடையாளத்துக்காகப் பக்கவாட்டில் திருப்பி வைப்பதை, 1993இல் மேஜிக் ஆட்டத்தைச் சிருஷ்டித்த ரிச்சர்ட் கார்ஃபீல்ட் 'டேப்' என்று அழைத்தார். 1997இல் அமெரிக்காவில் அவருக்குக் கிடைத்த காப்புரிமை அந்த முறையையும் உள்ளடக்கியிருந்தது. பின்னால் வந்த ஜப்பானிய ஆட்டங்கள் பலவற்றில் அதே செய்கைக்கு 'ரெஸ்ட்' என்று பெயர். சிங்கப்பூரில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்துக் கடையில், 2007ஆம் ஆண்டு தொடங்கி வெள்ளிக்கிழமைதோறும் மேஜைகளுக்கு நடுவே நின்று வந்திருக்கும் எனக்கு, ஒரே குவியலுக்கு வழங்கும் இத்தனை பெயர்களையும் மாறாமல் சொல்லுவதே இன்று உத்தியோகத்தின் பெரும்பகுதியாகிவிட்டது.

முன்பு அப்படியில்லை. ஓர் ஆட்டத்தின் விதிகளை அடிமட்டம் வரையில் ஆராய்ந்து அறிவதுதான் நடுவனுடைய வித்தையாக இருந்தது. யூ-கி-ஓவில் ஒருவன் ஒரு சீட்டின் பலனை அறிவிக்க, எதிராளி அதற்கு மறுமொழியாகத் தன் சீட்டொன்றை அறிவிக்க, அதற்கும் மறுமொழி பிறந்து, இவ்விதம் கண்ணி கண்ணியாகக் கோக்கப்படும் சங்கிலி, கடைசியில் கோத்த கண்ணியிலிருந்து பின்னோக்கி அவிழ வேண்டும். ஆங்கிலச் சீட்டில் 'வென்' என்று அச்சாகியிருக்கிறதா, 'இஃப்' என்று அச்சாகியிருக்கிறதா என்பதைப் பொறுத்து, ஆட்டக்காரனுடைய விருப்பத்துக்கு விடப்பட்ட பலன் ஒன்று கைகூடுவதும் காலம் தவறிப் போவதும் நிர்ணயமாகும். இந்த ஒரு நுட்பம் என் மனத்தில் சந்தேகமின்றிப் படிவதற்கு இரண்டு வருஷங்கள் பிடித்தன. இப்பொழுது இரண்டு வருஷங்களுக்குள் ஐந்தாறு புதிய ஆட்டங்கள் கடை அலமாரிக்கு வந்துவிடுகின்றன. ஒவ்வொன்றிலும் கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தப் பெருக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கும்பொழுது, கதைக்கும் சீட்டுக்கும் உள்ள சம்பந்தம் காலப்போக்கில் தலைகீழாக மாறியதை நான் காண்கிறேன். 1996இல் ஷோனென் ஜம்ப் வாரப் பத்திரிகையில் கஸுகி தகாஹாஷி யூ-கி-ஓ சித்திரக்கதையைத் தொடங்கியபோது, அதில் வந்த பல விளையாட்டுகளில் சீட்டாட்டமும் ஒன்று, அவ்வளவே. வாசகர்கள் அதைப் பற்றியே விடாமல் கேட்டதனால் கதை சீட்டாட்டத்தின் பக்கம் திரும்பியது. 1999இல் கொனாமி ஸ்தாபனம் வெளியிட்ட சீட்டுகளைப் பையன்கள் கையில் எடுத்தபோது, கதாநாயகன் செய்த காரியத்தையே தாங்களும் செய்தார்கள். 2011க்குள் 2,500 கோடிக்கு மேற்பட்ட சீட்டுகள் விற்று கின்னஸ் பதிவில் அந்த ஆட்டம் இடம்பெற்றதன் ரகசியம் இதுவென்றே நினைக்கிறேன். அதற்கும் முன்பு, 1996 அக்டோபரில் ஜப்பானில் வெளிவந்த போகிமான் சீட்டுகளிலும் இந்தப் பொருத்தம் உண்டு. பிராணிகளைப் பிடித்துச் சேகரித்துப் பிறரோடு மாற்றிக்கொள்வதுதான் மூல விளையாட்டின் உயிர், சேகரிப்பதும் மாற்றிக்கொள்வதும்தான் சீட்டின் சுபாவமும்.

ஆனால் மாயப் போர்க்கலையையோ, மரணதேவர்களின் வாட்போரையோ, துப்பறியும் சிறுவனுடைய புத்திசாலித்தனத்தையோ சொல்லும் ஒரு கதையில் சீட்டு என்ற பேச்சே கிடையாது. அங்கே படம் முதலில் கிடைக்கிறது. விதியைப் பிறகு யாராவது எழுதியாக வேண்டும். அமெரிக்காவில் ஸ்கோர் ஸ்தாபனம் 2000இல் டிராகன் பால் ஸீயையும், 2003இல் யூ யூ ஹகுஷோவையும், 2004இல் இனுயாஷாவையும், 2005இல் துப்பறியும் கோனன் கதையையும், 2007இல் பிளீச்சையும் சீட்டாட்டங்களாக வெளியிட்டது. ஐந்தில் ஒன்றுகூட இன்று அச்சில் இல்லை. அகிரா தோரியாமாவின் டிராகன் பால் கதை ஒன்றுக்கு மட்டும், 2000இலும் 2008இலும் 2014இலும் 2017இலும் 2024இலுமாக, ஆங்கிலத்திலேயே ஐந்து வெவ்வேறு ஆட்டங்கள் பிறந்திருக்கின்றன. சீட்டில் இருப்பவன் அதே கோக்கூதான். என்றாலும் ஓர் ஆட்டத்தின் கோக்கூவை மற்றோர் ஆட்டத்தின் கோக்கூவுக்கு எதிரே நிறுத்த வழியில்லை. 2000இல் தன் பன்னிரண்டாம் வயதில் கட்டுச் சேர்த்த ஒரு ரஸிகன் இந்தக் கதையின்மேல் மாறாத அபிமானம் வைத்திருந்தான் என்றால், ஐந்து முறை புதிதாகக் காசு கொடுத்திருப்பான். அவற்றுள் முதல் மூன்று கட்டுகளுக்கு இன்று வெளியுலகத்தில் எதிராளி கிடைப்பது அரிது.

காசு நஷ்டத்தைப் பற்றி நான் அதிகம் வருந்துகிறவன் அல்ல. எந்த விளையாட்டிலும் காசு போகத்தான் செய்யும். சீட்டாட்டத்துக்கு மூலாதாரமான பொருள் எதிர் நாற்காலி. அதில் உட்காரும் மனிதனை எந்த அச்சகமும் அச்சடித்துப் பொட்டலத்தில் வைத்து அனுப்ப முடியாது. ஒரு பேட்டையில் வெள்ளிக்கிழமை மாலையை இந்தப் பொழுதுபோக்குக்கு ஒதுக்கக்கூடியவர்கள் முப்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆட்டங்கள் இருந்தால் பதினைந்து பதினைந்து பேராக உட்கார்ந்து, வாரந்தோறும் புதிய எதிராளியைச் சந்தித்து, தோற்றுக் கற்று, நண்பர்களாகிறார்கள். பத்து ஆட்டங்கள் இருந்தால் மூன்று மூன்று பேராகச் சிதறுகிறார்கள். மூவரில் ஒருவனுக்குப் பரீட்சை வந்துவிட்டால் மீதி இருவர் ஒருவரோடொருவரே திரும்பத் திரும்ப ஆடி அலுத்துப்போகிறார்கள். கதையின்மேல் வைத்த பிரியம் குறையாமலே அந்த ஆட்டம் அந்தப் பேட்டையில் அணைந்துவிடுகிறது.

இதை நான் கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. எட்டு வருஷங்களுக்கு முன்பு பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த ஒரு தமிழ்ப் பையன், உணவுக்கடையில் பகுதிநேரம் வேலை செய்து சேர்த்த பணத்தில், தான் உயிராக நேசித்த ஒரு தொடரின் புதிய ஆட்டத்தில் இரண்டு பெட்டிகள் வாங்கினான். சீட்டு ஒவ்வொன்றையும் உறையிலிட்டு, விதிப்புத்தகத்தை வரிவரியாகப் படித்து, கட்டை அழகாக அமைத்திருந்தான். நான்கு வெள்ளிக்கிழமைகள் தொடர்ந்து வந்தான். "அண்ணே, இன்னிக்காவது இதை ஆட யாராவது வருவாங்களா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டு, மூலை மேஜையில் கட்டைக் கலைத்துக் கலைத்து அடுக்கிக்கொண்டிருப்பான். ஐந்தாவது வாரம் அவன் வரவில்லை. அந்த ஆட்டமும் அதிக நாள் நீடிக்கவில்லை. அந்த நான்கு வெள்ளிக்கிழமைகளில் ஒன்றிலாவது போட்டியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு அரைமணி நேரம் அவன் எதிரே நான் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை என்ற துக்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பொதுவிதி ஒன்றை வகுத்து அதற்குள் பல கதைகளையும் கொண்டுவருவது இந்தச் சங்கடத்துக்கு உண்மையான பரிகாரங்களில் ஒன்று. 2008இல் புஷிரோட் ஸ்தாபனம் தொடங்கிய வைஸ் ஷ்வார்ஸ் அப்படிப்பட்டது. ஸ்வோர்ட் ஆர்ட் ஆன்லைன் கட்டு வைத்திருப்பவனும் ஃபேட் கட்டு வைத்திருப்பவனும் எதிரெதிரே உட்கார்ந்து நியாயமாக ஆடலாம். அதன் விதியில் நிஜமான வித்தையும் இருக்கிறது. ஐம்பது சீட்டுக் கட்டில் எட்டு வரையில் கிளைமாக்ஸ் சீட்டுகளை வைத்துக்கொள்ளலாம். அடி விழும்போது கட்டின் மேலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்புகிறோம். நடுவில் ஒரு கிளைமாக்ஸ் தோன்றினால் அந்த அடி முழுவதும் ரத்தாகிறது. கட்டுத் தீர்ந்தால் காத்திருப்பு அறையிலுள்ளவற்றைக் கலைத்துப் புதிய கட்டாக்கி, அதற்குத் தண்டமாக ஓர் அடியை ஏற்க வேண்டும். ஆகவே நல்ல ஆட்டக்காரன் எத்தனை கிளைமாக்ஸ் வெளியேறிவிட்டன, எத்தனை உள்ளே இருக்கின்றன என்று இடைவிடாமல் எண்ணுகிறான். முதல் சுற்றில் ஏறக்குறைய ஆறுக்கு ஒன்றாக இருந்த கிளைமாக்ஸை, இரண்டாவது சுற்றில் சீட்டுகள் குறைந்த கட்டுக்குள் நெருக்கி வைத்து, அதையே தன் கவசமாக்கிக் கொள்கிறான். வெறும் அதிர்ஷ்டம் போலத் தோன்றுவதன் அடியில் பொறுமையான கணிதம் ஓடுவதைப் புதிதாகக் கற்கும் ஒருவன் கண்டுகொள்ளும் கணத்தில் அவன் முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன். 2023இல் பண்டாய் தொடங்கிய யூனியன் அரீனாவும், கோட் கியாஸ், ஜுஜுட்ஸு கைசென், ஹன்டர் ஹன்டர் என்று பல கதைகளை ஒரே விதிக்குள் சேர்த்தே வந்தது. பொதுவிதியிலும் பழைய கட்டுகளின் பலம் புதிய கட்டுகளுக்கு முன்னால் தேய்கிறது. ஆயினும் நாற்காலி காலியாவதில்லை.

2021 முதல் வேறொரு வியாதியும் சேர்ந்துகொண்டது. தொற்றுக்காலத்தில் போகிமான் சீட்டுகளின் விலை ஏறியது. அந்த ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் டார்கெட் கடைகள், வாங்குவோரிடையே மூண்ட கலகத்தை உத்தேசித்துச் சீட்டு விற்பனையையே சிறிது காலம் நிறுத்திவைத்தன. பெட்டியை உடைக்காமல் விலையேற்றத்துக்காகப் பூட்டி வைப்பவர்கள் அதன் பின் எங்கள் கடைக்கும் வந்தார்கள். ஒரு மொத்த விநியோகஸ்தர், விலைபோகும் ஆட்டத்தில் பத்துப் பெட்டி வேண்டுமானால் விலைபோகாத ஆட்டத்திலும் பத்து எடுத்தாக வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். அலமாரி நிறைந்தது, மேஜைகள் நிறையவில்லை. விற்றுத் தீர்ந்த பெட்டிகளின் கணக்கை வைத்து இன்னும் ஓர் ஆட்டத்துக்கு இடமுண்டு என்று பிரசுரிப்பவர்கள் முடிவு செய்வது பெரும் பிழை என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். அவர்கள் எண்ண வேண்டியது ஆறு மாதத்துக்குப் பிறகும் மேஜையில் உட்கார்ந்திருப்பவர்களை.

அந்தப் பையன் வராமல் போன பிறகு நான் ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டேன். அச்சு நின்றுபோன ஆட்டம் எது என் கைக்கு வந்தாலும், அதிலிருந்து ஒன்றுக்கொன்று சமபலமுள்ள இரண்டு கட்டுகள் அமைத்து, விதிப்புத்தகத்தோடு ஒரே டப்பாவில் போட்டு வைக்கிறேன். இப்பொழுது பதினொரு டப்பாக்கள் இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் இப்படிப்பட்ட சீட்டுகள் கிடக்குமானால், பழைய காகிதத்தோடு போட்டுவிடாதீர்கள். மதிப்புள்ள நாலைந்தை மட்டும் பிரித்து விற்று மற்றவற்றை அனாதையாக்காதீர்கள். இரண்டு கட்டாகக் கட்டுங்கள். ஒன்றை நீங்கள் எடுத்துக்கொண்டு, மற்றொன்றை எதிரே உட்காருபவரிடம் கொடுங்கள்.