செப்பிலே முளைத்த சிகை

தோக்கியோ மாநகருக்குச் செல்பவர்கள் கின்சாப் பகுதியிலுள்ள கபுகி நாடக அரங்கினைக் காணாது திரும்பலாகாது. 1889 இல் திறக்கப்பெற்ற அவ்வரங்கு தீயாலும் நிலநடுக்கத்தாலும் யுத்தத்தாலும் அழிந்து, ஐந்தாவது கட்டடமாக 2013 இல் மீண்டும் திறக்கப்பட்டது. அங்கே நான் கண்டவற்றுள் இன்னும் மனத்தைவிட்டு அகலாதவை நடிகர்தம் பொய்ம்முடிகளே.

கபுகியைத் தோற்றுவித்தவள் ஒக்குனி என்னும் பெண். ஆயினும், பெண்கள் மேடையேறலாகாதென 1629 இல் அரசு விதித்தது. அவர்களிடத்துக்கு வந்த இளைஞரும் 1652 இல் விலக்கப்பட்டனர். முன்முடியை மழித்த ஆடவர் மாத்திரம் நடிக்கலாமென்று பின்னர் இசைவு கிடைத்தது. மழித்த தலையோடு ஸ்திரீபார்ட் போடுவதெங்ஙனம்? முதலில் நெற்றியை ஊதாத் துணியால் மறைத்தனர்; பின்னர் பொய்ம்முடி வளர்ந்தது. மறைக்கவேண்டிய மழிப்பு இன்றில்லை. எனினும் சில பெண் வேடங்களின் நெற்றியில் அவ்வூதாத் துணியை இன்றும் காணலாம்.

இம்முடியின் அடித்தளம் மெல்லிய செப்புத் தகடு. நடிகரின் தலையில் வைத்துப் பார்ப்பதும் தட்டுவதும் மீண்டும் வைத்துப் பார்ப்பதுமாக, அவர் ஒருவருக்கே பொருந்துமாறு அதனைச் சமைக்கின்றனர். மயிர் தைத்த துணியை அதன்மேற் பொருத்துவர். பெண் வேடத்தின் நெற்றியோரத்திலோ மெல்லிய பட்டிலே மயிரை ஒவ்வோரிழையாக நடுவர். இத்துடன் முடி செய்பவரின் வேலை தீர்ந்தது. சீவி, மெழுகுத் தைலம் பூசிக் கொண்டை கட்டுபவர் 'தொக்கொயாமா' எனப்படும் வேறொருவர். அவருள்ளும் ஆண் வேடத்துக்கு ஒருவர், பெண் வேடத்துக்கு ஒருவர். ஒரு மாத ஆட்டம் முடிந்ததும் அத்தனையுங் கலைக்கப்படும்!

குடுமியின் பருமனையும் வளைவையும் கொண்டே வந்தவன் சாமுராய் வீரனா, வணிகனா என்று பழகிய ரசிகர் சொல்லிவிடுவர். 'ஷிபராகு' நாடகத் தலைவனின் கன்னமயிர் வண்டிச் சக்கரத்தின் ஆரைகள் போல் விறைத்து நிற்கும். சிங்க நடனத்தின் நீண்ட சடைக்குக் கவரிமாவின் மயிர். அடிபட்டவன் குடுமி சட்டெனச் சரிய வேண்டுமாயின், உருவியெடுப்பதற்கென்றே ஓர் ஊசி உள்ளே வைக்கப்பட்டிருக்கும்.

1871 இல் மெய்ஜி அரசு குடுமியைக் களையலாமென ஆணை பிறப்பித்தது. 1873 இல் சக்கரவர்த்தியே தம் முடியைக் கத்தரித்துக்கொண்டார். நாட்டார் தலைகளெல்லாம் மாறின. வீதிதோறும் நாவிதர் அறிந்திருந்த வித்தை அரங்கின் பின்னறைக்குள் ஒதுங்கியது. பழைய ஓவியங்களிலே குடுமியின் வடிவம் இருக்கிறது. எந்தக் கற்றையை முதலில் இழுத்து எங்கே முடிவது என்பது அவற்றில் இல்லை. மாணவன் அதனை ஆசானின் கையைப் பார்த்தே பயில வேண்டும்.

மறுநாள் சுமிதா ஆற்றைக் கடந்து, மல்லர் கூடம் அமைந்த ரியோகொகுவுக்குச் சென்றேன. சுமோ மல்லர்க்கும் குடுமி கட்டுபவர் தொக்கொயாமாவே. ஆனால் அங்கே முடி மெய்யானது. புகையிரத நிலையத்தில் இளம் மல்லன் ஒருவன் என்னைக் கடந்து சென்றான். அவன் போன பின்னரும் அம்மெழுகுத் தைலத்தின் இனிய மணம் சிறிது நேரம் அங்கே நின்றது.