படகில் பார்க்கிறோம், காரில் பார்ப்பதில்லை

காரைக்கால் பக்கத்துப் பட்டினச்சேரியில் ஃபைபர் படகைத் தண்ணீரில் தள்ளுவதற்கு முன் எஞ்சினின் ஆயில் ஸ்டிக்கை இழுத்துப் பார்க்காத ஆளை நான் பார்த்ததில்லை. நடுக்கடலில் எஞ்சின் பிடித்துக்கொண்டால் கூப்பிடு தூரத்தில் மெக்கானிக் கிடையாது. ஆனால் அதே ஆள், மீன் விற்ற காசைச் சேர்த்து வாங்கிய காரின் பானட்டை ஒரு சர்வீசுக்கும் அடுத்த சர்வீசுக்கும் நடுவில் திறப்பதே இல்லை. படகு எஞ்சினும் கார் எஞ்சினும் என் கைக்கு வருகின்றன. படகு எஞ்சினில் நான் பார்ப்பது உப்பும் தேய்மானமும். காரில் பார்ப்பது, பெரும்பாலும், கவனிக்காமல் விட்டதன் பலன்.

கேட்டால் ஒரே பதில்தான். “லைட்டு எரியலையேண்ணே, அப்புறம் எதுக்குப் பாக்கணும்?”

டேஷ்போர்டில் இருக்கும் அந்தச் சிவப்பு ஆயில் விளக்கு பெரும்பாலான கார்களில் ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை. அது காட்டுவது அழுத்தத்தை. எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்பில் அளவு குறைந்துகொண்டே வந்து, கடைசியில் பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சும்போதுதான் அழுத்தம் விழும், விளக்கு எரியும். கிராங்க் ஷாஃப்ட் சுற்றுவது பேரிங்கின் மேல் அல்ல, இரண்டுக்கும் நடுவில் தலைமுடியைவிட மெல்லியதாகப் படர்ந்திருக்கும் ஆயிலின் மேல். டர்போ வைத்த வண்டியில் டர்போவின் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைத் தாங்குவதும் அதே ஆயில்தான். அந்த ஆயில் படலம் அறுந்தால் இரும்பு இரும்பை அரைக்கச் சில விநாடிகள் போதும். விளக்கு எரிந்த பிறகு, வீடு பக்கத்தில்தானே என்று ஓட்டி வந்தவர்களுக்குத்தான் எஞ்சினை இறக்க வேண்டி வருகிறது. எரிந்த இடத்திலேயே ஓரம் கட்டி நிறுத்தினால் பிழைக்க வழியுண்டு. இன்னொன்று: விளக்கு நிலையாக எரிவதற்கு முன், வளைவில் திரும்பும்போதோ பிரேக் போடும்போதோ ஒரு தரம் மின்னி அணையும். இருக்கிற கொஞ்ச ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது என்று அர்த்தம். அதை ஒயர் கோளாறு என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள்.

ஸ்டிக் பார்ப்பது கஷ்டமான வேலை அல்ல. ஆனால் வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், இங்கே அதுதான் சிக்கல். மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்கு எங்கள் கரைக்கு எழுந்தருளுகிறார். மீனவர் வீட்டுப் பெண்ணான பத்மினித் தாயாரை மணந்தவர் என்பதால் எங்களுக்கு அவர் மாப்பிள்ளை. மாப்பிள்ளையைப் பார்க்க வரும் கார்களெல்லாம் மணலில் இறங்கி, முதல் கியரில் உறுமி, ஒரு சக்கரம் புதைந்து சாய்ந்து நிற்கும். அந்த நிலையில் ஸ்டிக்கை இழுத்தால் நிறைந்த சம்ப் காலியாகத் தெரியும், காலியான சம்ப் நிறைந்ததாகத் தெரியும். சிமெண்டுத் தரையிலோ தார் ரோட்டிலோ நிறுத்துங்கள். ஓடிய வண்டி என்றால் எஞ்சினை அணைத்துவிட்டு ஐந்து முதல் பத்து நிமிஷம் விடுங்கள். மேலே ஏறிய ஆயில் சம்ப்புக்கு இறங்கி வரவேண்டும். முதல் இழுப்பில் தெரிவதை நம்ப வேண்டாம், குழாயின் பக்கச் சுவரில் ஒட்டியதெல்லாம் ஸ்டிக்கில் இழுபட்டிருக்கும். பனியன் வேஸ்ட்டால் சுத்தமாகத் துடைத்து, கடைசிவரை அழுத்தி, மறுபடி இழுத்தால் தெரிவதுதான் அளவு. காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். உங்கள் காரின் கையேடு எஞ்சின் சூடாக இருக்கும்போது பார்க்கச் சொன்னால் அப்படியே பாருங்கள். எப்போதும் ஒரே விதமாகப் பார்ப்பதுதான் முக்கியம்.

காற்று எழும் நேரத்தில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்துவைத்துவிட்டு ஃபோன் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். எங்கள் திருமலைராயன்பட்டினத்தில் மண்மாரி பெய்யட்டும் என்று காளமேகப் புலவர் அறம் பாடியதாகக் கதை. கதை எப்படியோ போகட்டும், பிற்பகலில் எங்கள் கரையில் மணல் பறப்பது நிஜம். எஞ்சினுக்குள் போகும் மணல் ஆயிலோடு சேர்ந்து பேரிங்கை அரத்தால் ராவியதுபோல் ராவிவிடும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டிக்கில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவில் ஆயில் இருந்தால் சரி என்றுதான் எல்லாரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது பாதிப் பாடம். இன்றைக்கு ஆயில் எங்கே நிற்கிறது என்பதைவிட, போன மாதம் நின்ற இடத்திலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதில்தான் எஞ்சினின் சேதி இருக்கிறது. இரண்டு கோட்டுக்கும் நடுவிலேயே ஆறு மாதமாக நிற்கும் வண்டி ஆரோக்கியமான வண்டி. போன மாதம் மேல்கோடு, இந்த மாதம் நடுவில் என்றால், அளவு சரியாக இருந்தாலும் எங்கேயோ ஆயில் போகிறது. பல கார்களில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருப்பது சுமார் ஒரு லிட்டர். மொத்தமே மூன்று மூன்றரை லிட்டர் பிடிக்கும் சிறிய காரில் ஒரு லிட்டர் குறைந்தால், மிச்சமிருக்கும் ஆயில் கூடுதலாகச் சூடேறும், சீக்கிரம் அழுக்கேறும்.

குறைகிற ஆயில் ஒன்று வெளியே ஒழுகும், இல்லையென்றால் உள்ளே எரியும். இரவு நின்ற வண்டியைக் காலையில் கிளப்பும்போது மட்டும் ஒரு குப்பென்று நீலப் புகை வந்தால் வால்வு சீல். மிதிக்க மிதிக்க நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங்காக இருக்கலாம், டர்போவாகவும் இருக்கலாம். புகையே இல்லையென்றால் கீழே குனிந்து பாருங்கள்: டேப்பெட் கவர் பேக்கிங், கிராங்க் ஆயில் சீல், டிரெயின் நட்டின் வாஷர். கடலோர வண்டிக்கு இன்னொரு இடமும் உண்டு. தகட்டில் செய்த சம்ப்பை உப்புக் காற்று வெளிப்பக்கமிருந்து தின்னும். பெயிண்ட் உப்பி, துரு செதில் செதிலாக வந்து, கடைசியில் ஊசி முனையளவு ஓட்டையில் ஆயில் கசியும். கடல் மணலில் ஓட்டிய வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அலசச் சொல்வது இதற்காகத்தான். கொஞ்சம் ஆயில் எரிவது எல்லா எஞ்சினிலும் உண்டு. சில ஐரோப்பியக் கம்பெனிகள் ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை போவதைக்கூட ஒத்துக்கொள்கின்றன. என் கணக்கில் அது அதிகம்.

ஆயில் ஏறுவது குறைவதைவிட மோசம். குறைந்தால் ஊற்றலாம், ஊற்றாமலேயே ஏறினால் உள்ளே வேறெதுவோ கலக்கிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 மாசு விதி வந்த பிறகு டீசல் கார்களின் புகைக்குழாயில் கரி வடிகட்டி இருக்கிறது. அதில் சேர்ந்த கரியை எரிக்க எஞ்சின் கூடுதலாக டீசல் பாய்ச்சும். காரைக்கால் கடைத்தெருவுக்குள்ளேயே சுற்றுகிற வண்டியில் அந்த எரிப்பு பாதியில் நின்றுபோய், எரியாத டீசல் சிலிண்டர் வழியாக ஆயிலில் இறங்கும். ஸ்டிக் மேல்கோட்டைத் தாண்டும், முகர்ந்தால் டீசல் வாடை அடிக்கும். அப்படிப்பட்டவர் நாலு நாளைக்கொரு முறை நாகப்பட்டினம் ரோட்டில் ஒரே வேகத்தில் அரைமணி நேரம் ஓட்டுவது நல்லது. ஆயில் ஏற்கெனவே ஏறிவிட்டதென்றால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

தண்ணீர் புகுந்தாலும் அளவு ஏறும். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கஜா புயல் கரையைக் கடந்தது போன்ற நாட்களில், வெள்ளம் வடிந்ததும் எல்லாரும் செய்வது சாவியைத் திருகுவது. அதற்கு முன் ஸ்டிக்கை இழுக்க வேண்டும். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், சம்ப்பின் அடியில் தங்கி ஆயிலை மேலே தூக்கும். கலங்கிய மோர் நிறம் தெரிந்தாலோ, அளவு முன்பைவிட ஏறியிருந்தாலோ சாவியைத் தொடாதீர்கள். ஆனால் “முன்பைவிட” என்று சொல்ல, முன்பு எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? கடலுக்குப் போகிறவர் இன்றைய நீவாட்டை, அதாவது கடல் நீரோட்டத்தை, நேற்றைய நீவாட்டோடு வைத்துத்தான் படிக்கிறார், ஸ்டிக்கைப் படிப்பதும் அப்படித்தான்.

நிறத்தைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். டீசல் எஞ்சினில் புது ஆயில் சில நாளிலேயே கறுத்துவிடும், கரியைத் தன்னிடம் இழுத்துக்கொள்வது அதன் வேலை. தண்ணீர் மாதிரி இருக்கிற 0டபிள்யூ-20 ஆயிலைப் பார்த்து, இது நம் வெயிலுக்குத் தாங்காது, கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்று என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. அம்பாசடர் காலத்து எஞ்சினுக்கு அந்தக் கெட்டி சரி. இன்றைய எஞ்சினில் இடைவெளிகள் நெருக்கம், ஆயில் வழிகள் குறுகல். கையேட்டில் போட்டிருக்கும் கிரேடுதான் அதற்கு ஆயில்.

ஊற்றும்போது கை தாராளம் வேண்டாம். இருநூறு மில்லி ஊற்றி, பொறுத்து, பார்த்து, மறுபடி ஊற்றுங்கள். மேல்கோட்டைத் தாண்டினால் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரைக்கு எதையும் தாங்கும் பலம் கிடையாது.

பிரான்சிலும் வளைகுடாவிலும் இருக்கும் எங்கள் பக்கத்துக்காரர்கள் லீவுக்கு வந்து ஓட்டிவிட்டுப் போகும் கார்கள் வருஷத்தில் பத்து மாதம் மூடிக் கிடக்கின்றன. ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லையே, எதற்கு ஆயில் மாற்ற வேண்டும் என்பார்கள். ஓடாத எஞ்சினுக்குள்ளும் ஈரம் சேரும். கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். கழித்த ஆயிலை ஆற்றிலோ அலையிலோ கொட்டாமல், அதை வாங்கும் இடத்தில் கொடுங்கள். மீன் பிடிப்பது அந்தத் தண்ணீரில்தான்.

விலை குறைவென்று நாகூரிலிருந்து எல்லை தாண்டி வாஞ்சூர் பங்க்குக்கு வந்து பெட்ரோலுக்கு வரிசையில் நிற்கிறார்கள். ஸ்டிக் பார்க்க அந்த நேரத்தில் பாதிகூட ஆகாது. சமதளத்தில் நிற்கும் வண்டியில் மாதம் இரு முறையும், தூரப் பயணத்துக்கு முன்பும் பாருங்கள். தேதி, கிலோமீட்டர், ஸ்டிக்கில் நின்ற இடம், ஊற்றிய அளவு, நான்கையும் ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை மெக்கானிக்கிடம் விடும்போது சாவியோடு அந்தத் தாளையும் கொடுங்கள்.