வரம்பு பூச்சியம்

2023 மே மாதம். கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த நாள்களில் நம் கணினி அடிக்கடி அணைந்துபோகத் தொடங்கியது. 2001-இல் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காக ஊர் ஊராக அலைந்து பதிவு செய்த ஒப்பாரிப் பாடல்கள் பதினேழு ஒலிநாடாக்களில் கிடந்தன. பாடிய கிழவியருள் இன்று எவரும் இல்லை. நாடாக்களிலும் பூஞ்சை படரத் தொடங்கியிருந்தது. அவற்றைக் கணினியில் ஏற்றி, இரைச்சல் நீக்கிச் சேமிப்பதே அவ்விடுமுறையின் பணி. இரைச்சல் நீக்கும் வேலையைத் தொடங்கி இருபது நிமிடமாகும். திரை சட்டென்று இருண்டுவிடும். ஒரே பாட்டின் நடுவே மூன்று முறை இவ்வாறு நேர்ந்தது.

சில மாதங்களுக்கு முன் அக்கணினியில் டெபியன் லினக்ஸ் நிறுவித் தந்தவர் நம் பழைய மாணவர். அவரை வரவழைத்து, "நீ கை வச்ச நாளிலிருந்துதான் இந்தக் கேடு" என்று வீட்டார் முன்னிலையிலேயே கடிந்துகொண்டோம். அவர் எதிர்த்துப் பேசவில்லை. "சூடு எவ்வளவுன்னு பார்த்தீங்களா ஐயா?" என்று மட்டும் கேட்டார். மேசையில் கிடந்த தாளொன்றின் பின்புறம் இரண்டு கட்டளைகளை எழுதி வைத்துவிட்டுப் போனார். பிறகு அவர் வரவில்லை.

பத்து நாள் அத்தாளை நாம் தொடவில்லை. 'மதர்போர்டு போயிருச்சு, புதுசு வாங்குங்க' என்று கடைக்காரர் சொன்ன பிறகு, செலவுக்கு அஞ்சியே அதை எடுத்தோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எல்எம்-சென்சார்ஸ் என்னும் தொகுப்பை நிறுவியபின் முதலில் இயக்க வேண்டியது சென்சார்ஸ்-டிடெக்ட். தாய்ப்பலகையில் எவ்வகை உணர்சில்லு உள்ளது என்று அது தேடும். கேள்வி மேல் கேள்வி கேட்கும். விடை தெரியாத இடத்தில் எண்டர் விசையைத் தட்டினால் பாதுகாப்பான விடையைத் தானே எடுத்துக்கொள்ளும். இரண்டாவது கட்டளை சென்சார்ஸ். செயலியின் சூடு, விசிறியின் சுழற்சி, மின்னழுத்தங்கள் அனைத்தும் வரிசையாக வந்து நின்றன.

பட்டியலைக் கண்டதும் நடுங்கிவிட்டோம். வரிக்கு வரி 'அலார்ம்' என்னும் எச்சரிக்கை. ஓரிடத்தில் வெப்பநிலை -62 டிகிரி. 12 வோல்ட் என்று எவ்வரியும் இல்லை, ஒன்றில் 1.01 என்றிருந்தது. எஸ்.எம்.பி.எஸ். பழுது என்று தீர்ப்பெழுதி, கடைக்குப் போகச் செருப்பையும் மாட்டிவிட்டோம். வாசலில் ஓர் ஐயம் எழுந்தது. 12 வோல்ட் 1 வோல்ட்டாகக் குறைந்திருந்தால் இக்கணினி இயங்குவதுதான் எப்படி?

திரும்பி வந்து விளக்கக் குறிப்புகளைப் படித்தோம். பெரிய மின்னழுத்தத்தைச் சில்லு நேரே அளப்பதில்லை. மின்தடைகளால் பகுத்துச் சிறிதாக்கியே அளக்கிறது. எத்தனை மடங்கு என்பது பலகைக்குப் பலகை மாறும். அதை அமைப்புக் கோப்பில் நாம்தான் எழுத வேண்டும். பயாஸ் திரையைத் திறந்து பார்த்தோம். அங்கே 12.1 வோல்ட், சரியாகப் பன்னிரு மடங்கு. -62 என்பது எதனோடும் இணைக்கப்படாத முனையொன்றின் உளறல். அந்த எச்சரிக்கைகளோ? கீழ்வரம்பு 0, மேல்வரம்பும் 0 என்று கிடந்தன; எவரும் வரம்பு எழுதி வைக்கவில்லை. வரம்பு பூச்சியமானால் நல்ல மின்னழுத்தமும் குற்றவாளியாகத்தான் தெரியும். அன்று அம்மாணவர் முன் நாம் நின்ற நிலையும் அதுவே.

உண்மையான நோய் எச்சரிக்கை ஏதுமற்ற வேறொரு வரியில் இருந்தது. இரைச்சல் நீக்கும் வேலையை ஓடவிட்டு, வாட்ச் கட்டளையின் துணையோடு இரண்டு நொடிக்கொரு முறை செயலியின் சூட்டைக் கவனித்தோம். 71, 84, 93, 99. அருகிலேயே அபாய எல்லை 100 என்று எழுதியிருந்தது. அவ்வெல்லையை நெருங்கும் செயலி முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சூடு மேலும் ஏறினால் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். லினக்ஸுக்கு இதில் பங்கொன்றுமில்லை. வேலையை நிறுத்திப் பெட்டியைத் திறந்தோம். விசிறிக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே கம்பளித் துண்டுபோல் தூசி அடைந்திருந்தது. தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது. தூசியை நீக்கி, புதிய பேஸ்ட் தடவி, அதே பாட்டை மீண்டும் ஓடவிட்டோம். 68-க்கு மேல் ஏறவில்லை. கிழவியின் குரல் முதன்முறையாக இறுதிவரை ஒலித்தது.

அதைவிடக் கடினமான வேலை ஒன்று மிச்சமிருந்தது. தொலைபேசியில் அழைத்து, "தப்பு என்னோடதுதான் தம்பி" என்றோம். மறுமுனையில் சற்று நேரம் அமைதி. பின்பு, "இப்ப எவ்வளவு காட்டுது ஐயா?" என்றார். சொன்னோம். "அப்ப சரி" என்றார்.

அடுத்த ஞாயிறு வந்தார். வீட்டார் முன்னிலையில் கடிந்துகொண்டோம் அல்லவா, வீட்டார் முன்னிலையிலேயே மன்னிப்பும் கேட்டோம். அவர் கூச்சத்தோடு கணினியின் முன் அமர்ந்து, அமைப்புக் கோப்பைத் திறந்து, 12 வோல்ட்டுக்கு உரிய ஐந்து விழுக்காட்டு இடைவெளியை எழுதினார்: கீழ்வரம்பு 11.4, மேல்வரம்பு 12.6. இப்போது அவ்வரியில் எச்சரிக்கை வருவதில்லை.