காற்று முதுகில் வீசும்போது



மலைநாட்டுப் பெண்ணுக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நான் அக்குறணையில் பிறந்து, கட்டுகஸ்தோட்டையில் வாழ்க்கைப்பட்டவள். நான் அன்றாடம் கண்ட தண்ணீரெல்லாம் மகாவலி கங்கையும் கண்டி வாவியும்தான். ஆனாலும் கடலோடிகள் கட்டும் ஒரு கயிற்றைப் பற்றி உங்களிடம் சொல்லியே ஆகவேண்டும்.

என் இளைய மகன் காலித் துறைமுகத்தில் வேலை செய்கிறான். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில், மலேசியா, தாய்லாந்துப் பக்கமிருந்து பாய்மரப் படகுகளில் வெள்ளைக்காரர்கள் அங்கு வந்து தங்கிப் போவார்கள். அவற்றைப் பழுதுபார்க்க உதவுவதுதான் அவன் தொழில். போன வருடம் பெப்ரவரி மாதம் லீவில் வீட்டுக்கு வந்தவன், வயதான ஒரு தம்பதியின் படகில் மாலைதீவு வரை துணைக்குப் போகப்போவதாகச் சொன்னான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"பயப்படாதீங்க உம்மா, ஐந்தாறு நாள் பயணம்தான். காத்து பின்னாலதான் வரும்."

"பின்னால வந்தா நல்லதுதானே மகன்?"

"இல்ல உம்மா, அதுலதான் கூடக் கவனம் வேணும்."

இப்படிச் சொல்லிவிட்டு என் தையல் பெட்டியைத் திறந்தான். ஒரு சவர்க்காரப் பெட்டி படகாயிற்று. ஈர்க்குகள் மரங்களாயின, கடதாசி பாயாயிற்று, நூல் கயிறாயிற்று.

காற்று பின்னாலிருந்து பதினைந்து மைல் வேகத்தில் வீசுகிறது, படகு ஆறு மைல் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படகில் இருப்பவருக்கு ஒன்பது மைல் காற்று மட்டுமே முதுகில் தெரியும். காற்று கூடினாலும் சுகமாகவே இருக்கும். பாயைக் குறைக்க வேண்டிய நேரம் வந்ததே தெரியாது. படகைத் திருப்பி எதிர்கொள்ளும்போதுதான் அதன் முழு வேகமும் புரியும்.

பெரிய பாயை, கதவைத் திறந்து வைப்பதுபோல் ஒரு பக்கமாக விரித்துவிடுவார்கள். அதன் அடியில் நீளமான ஒரு மரம் உண்டு. ஓர் அலை படகின் பின்புறத்தைத் தள்ளி, காற்று பாயின் மறுபுறத்தில் பட்டுவிட்டால், அந்த மரம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு விசிறியடிக்கும். தலையில் பட்டால் உயிர் போகும். பாய்மரமே முறிந்துவிடவும் கூடும்.

இதற்காக அடிமரத்தின் நுனியில் ஒரு கயிற்றைக் கட்டி, அதைப் படகின் முன்முனைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து சுக்கான் பிடிப்பவரின் கைக்கு எட்டும்படி கொண்டுவருவார்கள். அடிமரம் அசையாது. முன்பாயை எதிர்ப்பக்கத்தில் ஒரு கம்பால் விரித்து வைப்பார்கள். அந்தக் கம்புக்கும் மூன்று கயிறு: மேலே தூக்க ஒன்று, முன்னே இழுக்க ஒன்று, பின்னே இழுக்க ஒன்று. அப்போது பாயைச் சுருட்டினாலும் கம்பு அதன் இடத்திலேயே நிற்கும். நெடும்பயணக்காரர் சிலர் பெரிய பாயை இறக்கிவிட்டு, முன்புறம் இரண்டு பாய்களை இரு பக்கமும் விரிப்பார்களாம். மாடு வண்டியை இழுப்பதுபோல் அவை முன்னிருந்து இழுப்பதால் படகு அதிகம் திரும்பாது.

"இந்தக் கயிறுகளை எப்ப கட்டுவீங்க?" என்று கேட்டேன்.

"காத்து அமைதியா இருக்கும்போதே கட்டிரணும் உம்மா. பெருத்த பிறகு முன்னுக்குப் போக ஏலாது."

அந்த வார்த்தை என் நெஞ்சில் தைத்தது. 1984இல் எனக்குக் கலியாணம். அடுத்த வருடமே இவர் குவைத் போனார். மாதம் தவறாமல் பணம் வந்தது. நகை செய்தோம், கேட்டவர்களுக்கெல்லாம் கைமாற்றுக் கொடுத்தோம், மேல்மாடி கட்டத் தொடங்கினோம். முதுகில் வீசிய காற்றின் வேகம் எங்களுக்குத் தெரியவில்லை. 1990 ஆகஸ்டில் ஈராக் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. இவர் ஜோர்தான் வழியாக ஒரே ஒரு பையோடு வந்து சேர்ந்தார். உயிரோடு வந்தாரே, அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் கைமாற்றுத் திரும்பவில்லை, நகை அடகுக்குப் போனது. மாடிக்கென்று நீட்டிவிட்ட இரும்புக் கம்பிகள் பதினொரு வருடம் துருப்பிடித்து நின்றன. தையல் மெசினில் நான் உட்கார்ந்தது அப்போதுதான்.

பருவக்காற்றை நம்பித்தான் அரபு வணிகர்கள் இந்தத் தீவுக்கு வந்தார்கள். ஆனால் அவர்கள் காலம் பார்த்து, திசை தெரிந்து பாய் விரித்தவர்கள். 1344இல் இப்னு பதூதா மாலைதீவிலிருந்து தென்னிந்தியக் கரைக்குப் புறப்பட்டபோது, மூன்று நாள் பயணம் ஒன்பது நாளாகி, இலங்கைக் கரையில் கொண்டுவந்து விட்டது. கப்பலில் அனுபவமுள்ள மாலுமி இல்லாததே காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்படி வந்ததால்தான் பாவா ஆதம் மலையில் ஏறினார் என்பது வேறு கதை.

மகனைத் தடுக்கவில்லை. இவ்வளவு தெரிந்தவன் கவனமாக இருப்பான் என்று மனம் சொன்னது. கயிறு உராயும் இடங்களில் சுற்றுவதற்கு உறை தைத்துத் தரச் சொன்னான். பழைய டெனிம் துணியை இரண்டு மடிப்பாக மடித்து, ஆறு உறை தைத்துக் கொடுத்தேன்.

மாலைதீவிலிருந்து அவன் பேசியபோதுதான் மூச்சு வந்தது. மூன்றாம் இரவு ஓர் அலை படகைத் திருப்பிவிட்டதாம். பாய் மறுபக்கம் பாயப் பார்த்ததாம். கயிறு பிடித்துக்கொண்டதாம். உங்கள் உறை ஒன்று தேய்ந்துபோனது, உள்ளே கயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றான். அன்று நான் அழுதது சந்தோஷத்தில்தான்.

இப்போது என் மருமகன் கட்டாரில். மகள் மேல்மாடி கட்டப்போவதாகச் சொன்னாள். "கட்டுங்க மகள், ஆனா ஒரு வருடச் செலவுக்கான காசை முதல்ல ஒதுக்கி வைங்க" என்றேன். முகத்தைச் சுளித்தாள். நான் சவர்க்காரப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுக்கும் காற்று பின்னாலிருந்து வீசும் காலம் வரட்டும், இன்ஷா அல்லாஹ். வரும்போது கயிற்றை மறந்துவிடாதீர்கள்.