நூலடுக்கும் நீதியும்

எம் பள்ளி நூலகத்தைச் சீரமைக்க முனைந்தபோது, எந்நூலை எங்கு வைப்பது என்னும் வினா எம்மை நெடிது சிந்திக்க வைத்தது. மெல்வில் டியூயி 1876-இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறை உலகெங்கும் வழங்குவது, கற்க எளியது. எனினும் அம்முறையில் ஆங்கில இலக்கியம் 820 முதல் 829 வரை பரந்திருக்க, ஈராயிரம் ஆண்டுத் தமிழ் இலக்கியம் 894.811 என்னும் ஒரு மூலையில் ஒடுங்குகிறது. சமயப் பிரிவிலோ 220 முதல் 289 வரை விவிலியத்திற்கும் கிறிஸ்தவத்திற்கும் உரியவை. ஏனைய சமயங்கள் யாவும் 290-களில் நெருங்கி நிற்கின்றன. இச்சலுகை நமக்கு இனிக்கலாம். ஆயின் எம்மிடம் பயிலும் பிற சமயப் பிள்ளைகள் தம் நூல்களைக் கடைக்கோடியில் தேடுவது அறமாகுமா?

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன் 1931-இல் வகுத்தளித்த நூலக விதிகள் ஐந்தனுள் ஒன்று, வாசகரின் காலத்தைக் காப்பது. அதையே அளவுகோலாகக் கொண்டோம். நாளை கல்லூரி நூலகத்தில் வழிகாட்டும் என்பதால் டியூயி எண்களை நூல்களின் முதுகில் ஒட்டினோம். பலகைகளிலோ தமிழுக்கு வாயிலருகே இடமளித்தோம். கதைநூல்களை நூலட்டையில் உள்ள ஆசிரியர் பெயரின் அகரவரிசையில் அடுக்கினோம். கல்கியைத் தேடும் சிறுவன் கிருஷ்ணமூர்த்தி என்னும் இயற்பெயரை அறிந்திருக்கத் தேவையில்லை அன்றோ? எல்லாச் சமய நூல்களையும் ஒரே வரிசையில், சிறார் கைக்கெட்டும் உயரத்தில் வைத்தோம். யாருக்கு எவ்விடம் என்பதைப் பிள்ளைகள் பாடநூலில் மட்டுமன்று, பலகைகளிலும் படிக்கின்றனர்.